பழைய மெஷினுக்குப் புது வாசல்: கம்ப்யூட்டரில் போர்ட் கார்டு பொருத்துவது எப்படி?

காலை ஐந்தரை மணி. ஒரு கிராமத்துப் பால் சங்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேன்களோடும் தூக்குச்சட்டிகளோடும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் பாலும் எலெக்ட்ரானிக் தராசில் ஏறுகிறது. கொஞ்சம் மாதிரிப் பால் பரிசோதனைக் கருவிக்குள் போகிறது. எடை, கொழுப்பு, இதர சத்து மூன்றும் ஒயர் வழியாக நேராகக் கம்ப்யூட்டருக்கு வருகின்றன. அடுத்த நிமிடம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் 'கரகர'வென்று சீட்டு அடித்துத் தருகிறது.

ஒருநாள் அந்தப் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோகிறது. புதுசு வாங்கி வைக்கிறார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிகிறது. சங்கச் செயலாளர், கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் இளைஞருக்குப் போன் போடுகிறார்.

"தம்பி, புது கம்ப்யூட்டர் வந்திருச்சு. ஆனா தராசு ஒயரைச் சொருக இடமே இல்லையே! கடையில கேட்டா தராசு, டெஸ்ட் மெஷின், பிரிண்டர் எல்லாத்தையும் மாத்திடுங்கன்னு சொல்றாங்க."

"அண்ணே, அந்த மெஷின் எல்லாம் ஓடுதா?"

"ஓடுதுப்பா. அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை."

"அப்ப அவசரப்பட்டு எதையும் மாத்தாதீங்க. கம்ப்யூட்டர் பின்பக்கம் ஒரு போட்டோ, ஒயர் முனைங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

அதுவரை என்ன செய்வது? தராசில் தெரியும் எண்ணைப் பார்த்து ஒருவர் சொல்ல, இன்னொருவர் கையால் டைப் செய்ய வேண்டும். பாலுக்கு விலை, அளவோடு கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான் போடப்படுகிறது. 4.1 என்பது அவசரத்தில் 1.4 என்று விழுந்தால், நஷ்டம் அந்த மாட்டுக்காரருக்கு. "என் பால்ல கொழுப்பு இவ்வளவுதானா?" என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு எந்தச் சாட்சியும் இருக்காது. ஆக, ஒரு சின்ன ஒயர் சொருகும் இடம் இல்லாமல் போனதில் ஊர்க்காரர்களின் காசும் நம்பிக்கையும் சேர்ந்தே மாட்டிக்கொள்கின்றன.

பால் சங்கத்தில் மட்டும் இப்படி நடப்பதில்லை. மளிகைக் கடை, எடைமேடை, பரிசோதனைக்கூடம், பில் போடும் கவுண்டர் என்று பல இடங்களில் நல்ல நிலையில் உள்ள மெஷின்கள் இந்தக் காரணத்துக்காகவே மூலைக்குப் போகின்றன. பெரும்பாலான நேரம் அது தேவையில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன கார்டு பொருத்தினால் பழைய போர்ட்கள் திரும்ப வந்துவிடும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம், வாங்க.

1. உங்களுக்கு வேண்டியது எந்த போர்ட்?

முதலில் மெஷினின் ஒயர் முனையைப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பின்களை எண்ணினால் போதும்.

சீரியல் போர்ட்: கம்ப்யூட்டர் பக்கத்தில் 9 பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மேல் வரிசையில் 5, கீழ் வரிசையில் 4. தராசு, பால் பரிசோதனைக் கருவி, பழைய பார்கோடு ஸ்கேனர், ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் இதில்தான் பேசும். கம்ப்யூட்டருக்குள் இதன் பெயர் காம் 1, காம் 2 என்று இருக்கும்.

பேரலல் போர்ட்: கம்ப்யூட்டர் பக்கத்தில் 25 ஓட்டைகள் இருக்கும். பிரிண்டர் பக்கத்தில் இரண்டு கம்பிக் கொக்கிகளோடு அகலமான 36 முனைக் கனெக்டர் இருக்கும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்கு இதுதான் வழி. கம்ப்யூட்டரில் இதன் பெயர் எல்.பி.டி. 1.

பி.எஸ். 2 போர்ட்: வட்டமாக, 6 பின்களோடு இருக்கும். கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை நிறம்.

ஒரு எச்சரிக்கை. நீல நிறத்தில் 15 ஓட்டைகள் மூன்று வரிசையாக இருந்தால் அது மானிட்டருக்கான வி.ஜி.ஏ. போர்ட். அளவில் சீரியல் போர்ட் மாதிரியே இருப்பதால் பலர் ஏமாந்துபோவார்கள். வரிசையை எண்ணுங்கள்: இரண்டு வரிசை என்றால் சீரியல், மூன்று வரிசை என்றால் வி.ஜி.ஏ.

இன்னொன்று. மெஷினின் பின்பக்கத்தையும் நன்றாகப் பாருங்கள். சில பிரிண்டர்களில் பேரலலோடு யு.எஸ்.பி. போர்ட்டும் இருக்கும். இத்தனை வருஷமும் அதைப் பயன்படுத்தாமலே இருந்திருக்கலாம். இருந்தால் யு.எஸ்.பி. ஒயர் ஒன்று போதும், கார்டே வேண்டாம்.

2. இந்த போர்ட்கள் எங்கே போயின?

சீரியல் போர்ட்டின் விதிமுறையான ஆர்.எஸ். 232, அமெரிக்காவில் 1960-இல் வந்தது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோது, அதில் சீரியல் போர்ட் மதர்போர்டோடு சேர்ந்து வரவில்லை. வேண்டியவர்கள் தனிக் கார்டாக வாங்கிச் சொருகிக்கொண்டார்கள். பிறகுதான் இந்த போர்ட்கள் மதர்போர்டிலேயே குடியேறின.

1996-இல் யு.எஸ்.பி. வந்தது. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். 1998-இல் வந்த ஆப்பிள் ஐமேக் பழைய போர்ட்களைக் கைவிட்டு யு.எஸ்.பி.க்கு மாறியது. மற்ற கம்பெனிகளும் மெல்ல மெல்ல அந்த வழிக்கே வந்தன. ஆக, கார்டாக வந்த போர்ட் மதர்போர்டுக்குப் போய், இப்போது மறுபடி கார்டாகவே திரும்பி வந்திருக்கிறது.

அப்படியானால் தராசும் கருவிகளும் ஏன் இன்னும் சீரியலையே பிடித்துக்கொண்டிருக்கின்றன? காரணம் எளிது. தராசு அனுப்ப வேண்டியது "12.350" என்பது போன்ற ஒரு வரி எழுத்துதான். அதற்கு மூன்று கம்பிகள் போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பொதுத் தரைக் கம்பி ஒன்று. 15 மீட்டர் வரை ஒயர் இழுத்தாலும் சாதாரண வேகத்தில் ஒழுங்காக வேலை செய்யும்.

டாட் மேட்ரிக்ஸுக்கும் ஒரு காரணம் உண்டு. ஊசி காகிதத்தில் அடிப்பதால் கார்பன் வைத்து ஒரே அடியில் இரண்டு மூன்று பிரதி எடுக்கலாம். இங்க்ஜெட்டிலும் லேசரிலும் அது முடியாது.

3. கார்டு வாங்கும் முன் நான்கு கேள்விகள்

கடைக்குப் போகும் முன், இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி ஒன்று: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? இந்தக் கார்டு டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான். லேப்டாப்பில் இதைச் சொருக இடம் கிடையாது. அங்கே யு.எஸ்.பி. கன்வெர்ட்டர்தான் வழி. அதைப் பற்றி அடுத்த பகுதியில் பார்ப்போம்.

கேள்வி இரண்டு: மதர்போர்டிலேயே போர்ட் ஒளிந்திருக்கிறதா? இது நிறையப் பேருக்குத் தெரியாது. பின்பக்கம் சீரியல் போர்ட் இல்லாத பல டெஸ்க்டாப்களில், மதர்போர்டின் மேல் 'காம்' என்று எழுதிய ஒரு சின்னப் பின் வரிசை இருக்கும். அதற்கான ஒயரும் தகடும் தனியாக விற்கிறார்கள். ஒரே ஒரு சீரியல் போர்ட் போதும் என்றால் இதுவே மிக மலிவான வழி. ஆனால் இந்த ஒயரில் பின்கள் இணைக்கும் முறை இரண்டு விதமாக உண்டு. மதர்போர்டு கையேட்டில் உள்ள படத்தோடு ஒத்துப்போகும் ஒயரைத்தான் வாங்க வேண்டும். பயாஸ் அமைப்பில் சீரியல் போர்ட் 'எனேபிள்' ஆகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி மூன்று: எந்த ஸ்லாட் காலியாக இருக்கிறது? 1990-களில் வந்த பி.சி.ஐ. ஸ்லாட் நீளமாக, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். இதில் ஒரு விரல்கடை நீளமுள்ள சின்ன ஸ்லாட்டும் உண்டு, நீளமான ஸ்லாட்டும் உண்டு. இரண்டும் வேறு வேறு அமைப்பு. பி.சி.ஐ. கார்டை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் சொருக முடியாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அதிகம் பேர் தவறாக வாங்குவது இங்கேதான். ஒரு நல்ல செய்தி: சின்ன பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு, காலியாக உள்ள நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் வேலை செய்யும்.

கேள்வி நான்கு: பெட்டி உயரமா, ஒல்லியா? சாதாரண டவர் பெட்டிக்கு சுமார் 12 சென்டிமீட்டர் உயரத் தகடு வேண்டும். மேசையில் படுக்கவைக்கும் ஒல்லிப் பெட்டிக்கு சுமார் 8 சென்டிமீட்டர் தகடு. வாங்கும்போது "லோ புரொஃபைல் பிராக்கெட் கூட வருதாங்க?" என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்லாட்டைக் கண்டுபிடிக்கக் குழம்ப வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைத் திறந்து, போன் டார்ச் வெளிச்சத்தில் மதர்போர்டை இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். கடையில் அந்தப் போட்டோவைக் காட்டினாலே சரியான கார்டு கையில் கிடைக்கும்.

4. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் போதாதா?

நல்ல கேள்வி. பல நேரம் போதும். ஒரே ஒரு சீரியல் கருவி, அதுவும் எப்போதாவது பயன்படுத்துவது என்றால் யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர் வாங்கினாலே வேலை முடிந்துவிடும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் மூன்று இடங்களில் அது காலை வாரும்.

முதலாவது, கன்வெர்ட்டரை வேறு யு.எஸ்.பி. ஓட்டையில் மாற்றிச் சொருகினால் காம் எண் மாறிவிடக்கூடும். நேற்று காம் 3, இன்று காம் 5. மென்பொருள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே" என்று சொல்லும் பல கோளாறுகளுக்கு இதுதான் காரணம். பெட்டிக்குள் திருகி வைத்த கார்டை யாரும் இடம் மாற்றப்போவதில்லை.

இரண்டாவது, சில கன்வெர்ட்டர்களில் போலி சிப் இருக்கும். அசல் சிப் கம்பெனியின் புது டிரைவர் அதை ஏற்காது.

மூன்றாவது, பேரலல். யு.எஸ்.பி. பேரலல் ஒயர் பிரிண்டருக்கு மட்டுமே பயன்படும். அது உண்மையான எல்.பி.டி. போர்ட்டை உருவாக்குவதில்லை. விண்டோஸில் யு.எஸ்.பி. பிரிண்டராகத்தான் தெரியும். எல்.பி.டி. போர்ட்டையே கேட்கும் பழைய மென்பொருளுக்கும், பிரிண்டர் அல்லாத கருவிகளுக்கும் அது உதவாது.

நம் பால் சங்கத்துக்கு இரண்டு சீரியல், ஒரு பேரலல் வேண்டும். தினமும் இரண்டு வேளை வேலை. இங்கே கார்டுதான் பொருத்தம்.

5. கார்டு தேர்வு

கடையில் இவற்றைச் சுருக்கமாக '2 எஸ் 1 பி' கார்டு என்பார்கள். இரண்டு சீரியல், ஒரு பேரலல் என்று அர்த்தம். இதே கணக்கில் 1 எஸ், 2 எஸ், 1 பி என்றும் கிடைக்கும்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தராசு பொதுவாக நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பேசும். அதாவது நொடிக்குச் சுமார் 960 எழுத்து. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறை ஸ்லாட்டே, ஒரே தடத்தில் நொடிக்கு 250 மெகாபைட் கடத்தும். விலை கூடிய கார்டு வாங்கினால் தராசு வேகமாக எடை போட்டுவிடாது. கீழே உள்ளவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். கார்டில் உள்ள பெரிய சிப்பின் பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னால் டிரைவர் தேட அதுதான் முகவரி. லினக்ஸ் என்றால், பரவலாகக் கிடைக்கும் பல சிப்களுக்கு டிரைவர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். நம் நாட்டு பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால் சரியாகிவிடும்.

2 எஸ் 1 பி கார்டுகளில் இன்னொரு விஷயம். தகட்டில் இடம் போதாததால் பேரலல் போர்ட் கார்டிலும், சீரியல் போர்ட்கள் ஒயரோடு தனித் தகட்டிலும் வரும். அந்த இரண்டாவது தகட்டை மாட்ட, பெட்டியின் பின்பக்கம் இன்னொரு காலி இடம் வேண்டும்.

கடைசியாக, சில கார்டுகளில் 9-ஆவது பின் வழியாக 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் மின்சாரம் தரும் ஜம்பர் இருக்கும். சில பில்லிங் கருவிகளுக்காக வைத்த வசதி அது. உங்கள் கருவியின் கையேடு கேட்காத வரை அந்த ஜம்பரைத் தொட வேண்டாம். தவறாகப் போட்டால் கருவி பழுதாகலாம்.

6. மென்பொருளை மறந்துவிடாதீர்கள்

பணம் கொடுக்கும் முன் இன்னும் ஒரு கேள்வி: உங்கள் மென்பொருள் எந்தக் காலத்தது?

பழைய டாஸ் மென்பொருள்கள் சில, பேரலல் போர்ட் 378 என்ற முகவரியில்தான் இருக்கும் என்று நம்பி நேராக அங்கே போய்ப் பேசும். புதிய கார்டுகளுக்கு முகவரியைக் கம்ப்யூட்டரே தன் வசதிப்படி ஒதுக்குகிறது. அது பெரும்பாலும் வேறாக இருக்கும். கார்டு நன்றாக இருந்தும் அந்த மென்பொருள் போர்ட்டைக் கண்டுபிடிக்காமல் தவிக்கும்.

இன்னொன்று, 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் டாஸ் மென்பொருள் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆகவே, மென்பொருள் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்: "புது விண்டோஸ்ல இது ஓடுமாங்க? காம் எண்ணை நாமளே மாத்திக்க முடியுமா?" இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு கார்டு வாங்குங்கள். இல்லையென்றால் கார்டுக்குக் கொடுத்த காசு வீண்.

7. பொருத்தும் முறை

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். தேவையானது ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், உங்கள் போன், அவ்வளவுதான்.

அ. முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க ஒயர்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

ஆ. கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்குங்கள். யு.பி.எஸ்.ஸில் இருந்தாலும் பிடுங்கத்தான் வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

இ. பக்கத் தகட்டைத் திறங்கள். எதையும் தொடும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாது. ஆனால் சிப்புக்கு அதுவே போதும், செத்துப்போகும். பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் பாய் மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம்.

ஈ. ஸ்லாட்டுக்கு நேராக உள்ள காலித் தகட்டைக் கழற்றுங்கள். திருகைப் பத்திரமாக ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

உ. கார்டை ஓரங்களில் பிடியுங்கள். தங்க நிறப் பற்களைத் தொட வேண்டாம். ஸ்லாட்டுக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்துங்கள். பற்கள் முழுதாக உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். வெளியே எடுத்து, ஸ்லாட் சரியா என்று மறுபடி பாருங்கள்.

ஊ. தகட்டைத் திருகிட்டு இறுக்குங்கள். கூடுதல் தகடு இருந்தால் அதையும் மாட்டுங்கள். உள் ஒயர்கள் மின்விசிறியில் படாமல் ஒதுக்கிவிடுங்கள்.

எ. பெட்டியை மூடிய பிறகு, கம்ப்யூட்டர், தராசு, பிரிண்டர் எல்லாம் அணைந்திருக்கும் நிலையிலேயே ஒயர்களைச் சொருகி, பக்கத் திருகுகளைக் கையால் இறுக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பேரலல் ஒயரைப் பிடுங்கிச் சொருகும் பழக்கம் வேண்டாம். யு.எஸ்.பி.யைப் போல அதைத் தாங்கும் வகையில் இந்தப் பழைய போர்ட் அமைக்கப்படவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாரன்டியில் இருந்தால், பெட்டியைத் திறந்தால் வாரன்டி போகுமா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்கக் கை நடுங்கினால் வெட்கமே வேண்டாம். ஒரு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துப் பக்கத்தில் நின்றாலே போதும்.

8. டிரைவரும் காம் எண்ணும்

கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். அங்கே 'போர்ட்ஸ்' என்ற பிரிவில் புதிய காம், எல்.பி.டி. பெயர்கள் வந்திருந்தால் சரி. மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தெரிந்தால் டிரைவர் போட வேண்டும்.

டிரைவரைக் கார்டு கம்பெனியின் அல்லது சிப் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் 'இலவச டிரைவர் அப்டேட்' விளம்பரங்களைத் தொடாதீர்கள். "நாங்க ரிமோட்ல சரி பண்றோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் போனைக் கட் பண்ணிவிடுங்கள். அப்படி ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்து எண். மென்பொருள் காம் 1-ஐக் கேட்கிறது, கார்டு காம் 3 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளின் செட்டிங்கில் 3 என்று மாற்றினால் போதும். அது முடியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் 'பிராப்பர்ட்டீஸ்', 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய் எண்ணையே மாற்றலாம். பிரிண்டருக்கு, அதன் பிராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பக்கம் போய்ப் புதிய எல்.பி.டி. எண்ணைத் தேர்வு செய்யுங்கள்.

பிறகு பேச்சு விதிகள். வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்பது பரவலான அமைப்பு. சில தராசுகள் 2400 அல்லது 4800-இல் பேசும். தராசின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே மென்பொருளிலும் வையுங்கள். வேகம் பொருந்தாவிட்டால் எடைக்குப் பதிலாகக் கிறுக்கல் எழுத்து வரும். அதைப் பார்த்தவுடன் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால், அதில் உள்ள செட்டிங் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்து வைப்பது பெரிய உதவி.

9. கோளாறு எங்கே? ஒரு எளிய சோதனை

தராசும் பேசவில்லை, கம்ப்யூட்டரும் பேசவில்லை. குற்றம் யார் மேல்? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

ஒயரைக் கழற்றிவிட்டு, கார்டின் 9 பின் சீரியல் போர்ட்டில் 2-ஆவது பின்னையும் 3-ஆவது பின்னையும் மட்டும் ஒரு சின்ன ஜம்பர் ஒயரால் இணையுங்கள். 3 அனுப்பும் பின், 2 வாங்கும் பின். கனெக்டரில் எண்கள் மிகச் சிறியதாக அச்சிட்டிருக்கும். போன் கேமராவில் ஜூம் செய்தால் தெரியும். இப்போது ஏதாவது ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' என்று வைத்து, எழுத்துகளைத் தட்டுங்கள். அடித்த எழுத்து அப்படியே திரும்பி வந்தால் கார்டும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு ஒயரிலோ தராசின் செட்டிங்கிலோதான்.

ஒயரிலும் இரண்டு வகை உண்டு. நேர் ஒயரில் 2-க்கு 2, 3-க்கு 3 என்று போகும். குறுக்கு ஒயரில் 2-ம் 3-ம் மாறிப் போகும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, இத்தனை நாள் வேலை செய்த பழைய ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள்.

10. தராசின் முத்திரை மேல் கை வைக்காதீர்கள்

இந்த வேலை முழுவதும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மட்டும்தான். தராசைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு, சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்டது. தமிழ்நாட்டில் இந்தப் பணியைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. "போர்ட்டை மாத்தித் தர்றேன்" என்று யாராவது தராசின் சீலை உடைத்தால், மறுபடி முத்திரை போடும் வரை அதில் வியாபாரம் செய்யக் கூடாது. தராசுக்குள் கோளாறு என்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு அவசியம். ஒரே பாத்திரத்தைப் பத்து முறை தராசில் வையுங்கள். தராசின் திரையில் வரும் எண்ணும், கம்ப்யூட்டர் திரையில் வரும் எண்ணும், சீட்டில் அச்சாகும் எண்ணும் பத்து முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் காரணம் தெரியும் வரை சீட்டுப் போட வேண்டாம்.

11. வாங்குபவராக உங்கள் உரிமை

கார்டு சின்னதாக இருந்தாலும் பில் வாங்குங்கள். பில்லில் கார்டின் மாடல், வாரன்டி காலம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தாலோ, பழுதானதை மாற்றித் தர மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பில், பெட்டியின் போட்டோ, டிவைஸ் மேனேஜர் திரையின் போட்டோ மூன்றும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

நின்றுபோன பழைய கம்ப்யூட்டரையும் குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது போய்ச் சேர வேண்டும். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அல்லது முழுதாக அழித்துவிடுங்கள். அதில் உறுப்பினர்களின் பெயர், வங்கிக் கணக்கு, கைபேசி எண் எல்லாம் இருக்கும்.

ஒரே பார்வையில்

பின்களை எண்ணி போர்ட்டை அறியுங்கள். மெஷினில் யு.எஸ்.பி. இருக்கிறதா, மதர்போர்டில் காம் பின் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஸ்லாட்டையும் பெட்டி உயரத்தையும் போட்டோ எடுத்துக் காட்டி கார்டு வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறங்கள். டிரைவர், காம் எண், வேகம் மூன்றையும் பொருத்துங்கள். பத்து முறை எடை வைத்துச் சரிபாருங்கள்.

இனி அந்தப் பால் சங்கத்துக்குத் திரும்புவோம். கார்டு உள்ளே போயிற்று. தராசு காம் 3, பரிசோதனைக் கருவி காம் 4, பிரிண்டர் எல்.பி.டி. போர்ட்டில். மறுநாள் காலை வரிசையில் முதலில் நின்ற அக்கா சீட்டை வாங்கி, தராசின் திரையை ஒரு தடவை, சீட்டை ஒரு தடவை பார்க்கிறார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, செயலாளரே. இனிமே வாயால சொல்லி எழுத வேண்டாம்ல?"

"வேண்டாங்க்கா. இனி மெஷினே சொல்லிடும்."

அவர் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, காலித் தூக்கோடு கிளம்புகிறார்.